ஓசியில் கிடைத்த ஆகாயம்: மலிவு விண்வெளிப் படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

விண்வெளியைப் படமெடுக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்பது ஒரு பொதுப்புத்தி. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. 2009இல் வந்த 'அவதார்' 23 கோடி டாலரைத் தாண்டியது. இந்த எண்களுக்கெல்லாம் கீழே, நிலவறை மாதிரியான ஒரு தளத்தில், வேறு ஒரு வகை விண்வெளிச் சாகசப் படங்கள் 1950களிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கின்றன. கடற்கரைப் பந்துக்கு நகம் ஒட்டி வேற்றுக்கிரகத்து ஜந்து என்றார்கள். இரண்டு போலிப் பாறைகளை நகர்த்தி நகர்த்தி வைத்து ஒரு கோள் முழுவதும் என்றார்கள். ரஷ்யப் படம் ஒன்றை வெட்டிக் கலிஃபோர்னியாக் கடற்கரையோடு ஒட்டி, இதுதான் வெள்ளிக்கிரகம் என்றார்கள். இந்தப் படங்களைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

இதையெல்லாம் எதுக்குய்யா பேசணும், நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். காசில்லாமல் ஒரு பிரதியை உண்டாக்குவது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சிறுபத்திரிகை, வீதி நாடகம், இரவல் கேமராவில் எடுக்கிற ஆவணப்படம் என்று நாம் செய்கிற பலதும் அப்படித்தான் நடக்கிறது. காசில்லாமை என்பது ஒரு பிரதிக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதை நம்முடைய சொந்த வீட்டில் வைத்துப் பார்ப்பது கஷ்டம். பாசம் கண்ணை மறைக்கும். வெளியே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் துலக்கமாகத் தெரியும்.

இந்தப் படங்களை அணுகுவதில் இரண்டு பார்வைகள் நடப்பில் உள்ளன. ஒன்று, கிண்டல். 1980இல் அமெரிக்காவில் மெட்வெட் சகோதரர்கள் வெளியிட்ட 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்ற நூல் எட் வுட் என்பவரை எல்லாக் காலத்துக்குமான மோசமான இயக்குநர் என்று அறிவித்தது. அவருடைய 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' மோசமான படத்துக்கான பட்டத்தை வாங்கியது. நடிகர் பேலா லுகோசி 1956இல் இறந்துபோய்விட, அவர் இடத்தில் வேறு ஒரு ஆளை நிறுத்தி, மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொள்ளச் சொல்லி எடுத்து முடித்த படம் அது. 1988இல் தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற தொலைக்காட்சித் தொடர் இந்தக் கிண்டலை ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. திரையில் மலிவுப் படம் ஓடும். கீழே உட்கார்ந்திருக்கிற மூன்று உருவங்கள் அதை விடாமல் நக்கலடிக்கும். 'கேம்ப்' குறித்து 1964இல் சூசன் சொன்டாக் எழுதிய குறிப்புகள் இந்த வகை ரசனைக்கு ஏற்கெனவே ஒரு கோட்பாட்டு மரியாதையைத் தேடித் தந்திருந்தன.

'மோசமாக இருப்பதாலேயே நன்றாக இருக்கிறது' என்று சொல்ல யாரால் முடியும்? எது நல்லது என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஏற்கெனவே கைவசம் இருப்பவரால்தான் முடியும். சமையலுக்கு எவர்சில்வர் வைத்திருப்பவர் வீட்டு வரவேற்பறையில் மண்பானை அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி ரசனை இது.

இன்னொன்று, வழிபாடு. கியூப இயக்குநர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா 1969இல் 'குறையுள்ள சினிமா' ஒன்றுக்காக வாதாடினார். தொழில்நுட்பத்திலும் கலையிலும் பூரணமாக இருக்கிற சினிமா பெரும்பாலும் பிற்போக்கான சினிமாவாகவே இருக்கிறது என்றார். அவர் முன்வைத்த கேள்வி சினிமா யாருக்காக, எதற்காக என்பது. அதை அரைகுறையாக வாங்கிக்கொண்டவர்கள் குறை இருந்தாலே அது எதிர்ப்பு, ஏழ்மையாக இருந்தாலே அது நேர்மை என்று ஒரு சமன்பாடு போட்டுவிட்டார்கள்.

இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு எளிமையாக ஒரு கேள்வி கேட்போம். காசில்லாதவன் படம் எடுக்கணும்னா என்ன பண்ணுவான்? ஓசியில் எது கிடைக்குதோ அதை எடுத்துக்குவான். மலிவு விண்வெளிப் படத்தின் மொத்த அழகியலும் இந்த ஓசியில்தான் அடங்கியிருக்கிறது. ஓசியில் கிடைக்கும் சரக்கு இரண்டு வகை. கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற தட்டுமுட்டுச் சாமான், நண்பர்களின் உடம்பு, கற்பனை ஆகியவை ஒரு வகை. சமூகத்தில் ஏற்கெனவே தயாராகி, யாரும் விலை கேட்காமல் கிடக்கிற முன்முடிவுகள் இன்னொரு வகை. இந்தப் படங்களின் கவர்ச்சி முதல் வகையிலிருந்து வருகிறது. குறை இரண்டாவதிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே பையில்தான் கிடக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

2

முதலில் கவர்ச்சி.

ஜான் கார்பென்டரும் டான் ஓ'பேனனும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய 'டார்க் ஸ்டார்' 1974இல் முழுநீளப் படமாக வெளிவந்தது. செலவு ஏறத்தாழ 60 ஆயிரம் டாலர். மனிதக் குடியேற்றத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் நிலையற்ற கோள்களைக் குண்டு வைத்துத் தகர்த்துக்கொண்டே போவது கப்பலில் இருப்பவர்களின் வேலை. 20 வருடமாக இதைத்தான் செய்கிறார்கள். தலைவர் செத்துப்போய் உறைநிலையில் கிடக்கிறார். கப்பலில் இருந்த கழிப்பறைக் காகிதம் மொத்தமும் ஒரு விபத்தில் நாசமாகிவிட்டது. வளர்ப்புப் பிராணியாகக் கூட்டிவந்த வேற்றுக்கிரக ஜந்து, சாயம் பூசி நகப்பாதம் வைத்த ஒரு கடற்கரைப் பந்து. விண்வெளி உடையின் மார்புப் பகுதியில் மாட்டியிருப்பது கேக் சுடும் தட்டு.

காசு இருந்திருந்தால் இந்தப் படம் இப்படி வந்திருக்காது. பிரம்மாண்டத்தைக் காட்ட முடியாததால் அலுப்பைக் காட்ட வேண்டியதாயிற்று. பெரும் படங்களில் விண்வெளி என்பது வெற்றிகொள்ளப்படக் காத்திருக்கிற பரப்பு. இங்கே அது சம்பளம் சரியாக வராத ஒரு தூரத்து வேலைத்தலம் மாதிரி இருக்கிறது. காலனியம் என்ற பெருங்கதையாடலை, அதைக் கடைநிலையில் நிறைவேற்றுகிற நாலு பேரின் தூக்கமின்மையாகவும் சில்லறைச் சண்டையாகவும் குறுக்கிவிடுகிறது இந்தப் படம். முடிவில் கோளாறான ஒரு குண்டு வெடிக்கத் தயாராகிறது. அதைத் தடுக்க அதற்கு நிகழ்வியல் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறார்கள். உன் புலன்கள் சொல்வது உண்மைதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். குண்டு யோசிக்கிறது, இருப்பது தான் ஒருவன் மட்டுமே என்ற முடிவுக்கு வருகிறது, தன்னைக் கடவுளாக எண்ணிக்கொண்டு வெடிக்கிறது. ஆயுதத்தின் தன்னிலை பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசிய பெரும்படம் எதையும் நான் பார்த்ததில்லை. இதற்கு ஆன செலவு ஒரு பொம்மைக் குண்டும் ஒரு மனிதக் குரலும்.

இத்தாலியில் மாரியோ பாவா 1965இல் 'டெர்ரோரே நெல்லோ ஸ்பாசியோ' என்ற படத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் இது 'பிளானெட் ஆஃப் த வாம்பயர்ஸ்'. படப்பிடிப்புத் தளத்தில் தனக்கு மிஞ்சிக் கிடைத்தவை இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் என்று பாவா சொல்லியிருக்கிறார். புராணப் படம் ஒன்றுக்குச் செய்தவை. அவற்றைக் கண்ணாடி வைத்துப் பெருக்கி, புகையை விட்டு மீதியை மறைத்தார். காட்ட ஒன்றுமில்லை என்பதால் புகை. புகை இருப்பதால் பயம். இதை மறைப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கிற நேர்த்தி அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் துல்லியமாகக் காட்டிவிடுகிற கணினிப் படங்களில் அந்தப் பயம் இல்லை.

இந்தப் படங்களைப் பார்க்கிறபோது நம் கண் இரண்டு வேலை செய்கிறது. கதையைத் தொடர்கிறது, அதே சமயம் இது எப்படிச் செய்யப்பட்டது என்றும் பார்க்கிறது. ஜந்துவைப் பார்க்கும்போது பந்தும் தெரிகிறது. பந்துக்குச் சாயம் அடித்த கையும் தெரிகிறது. மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். சந்தைக்கு வந்த பண்டம் தன்னை உண்டாக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டு, தானாக உதித்தது போல நிற்கிறது. 23 கோடி டாலர் படம் அப்படி நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் கணினி முன் ராத்திரி பகலாக உட்கார்ந்து உழைத்தது திரையில் ஒரு துளிகூடத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு செலவு. மலிவுப் படத்திலோ தையல் வெளியே தெரிகிறது.

உடனே பிரெக்ட் என்று குதிக்க வேண்டாம். பிரெக்ட் தையலைத் திட்டமிட்டுக் காட்டினார். இவர்கள் மறைக்கப் பார்த்து முடியாமல் போனவர்கள். இங்கே அந்நியமாக்கல் விளைவு நிகழ்கிறது என்றால் அதைச் செய்வது பார்வையாளர்தான். ஆகவே அது பிரதியின் குணம் என்பதைவிட, நாம் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு பார்க்கும் முறை. இதைக் கற்றுக்கொண்டு போய்ப் பெரும் படத்தையும் பார்க்கலாம் என்பதில்தான் இதன் அரசியல் பயன் இருக்கிறது.

3

அடுத்தது, ஓசி என்றால் யாருடைய ஓசி என்கிற விஷயம். இதற்கு ரஷ்யா வரை போய் வர வேண்டும்.

பாவெல் குலுஷான்ட்சேவ் என்ற சோவியத் இயக்குநர் லெனின்கிராடில் அறிவியல் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். 1957இல் 'நட்சத்திரங்களுக்குப் பாதை' என்ற படத்தில் எடையற்ற நிலையைக் காட்ட ஒரு உபாயம் கண்டுபிடித்தார். நடிகரைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தார். நடிகரின் உடம்பே கயிற்றை மறைத்துவிடும். 1962இல் அவர் எடுத்த 'பிளானெட்டா பூர்', அதாவது 'புயல்களின் கோள்', வெள்ளிக்கிரகத்தில் இறங்குகிறவர்களின் கதை. சோவியத் அரசுப் படக்கூடம் ஒன்றின் நிதானமும் உழைப்பும் அதில் தெரியும்.

இந்தப் படத்தின் அமெரிக்க உரிமையை ரோஜர் கோர்மன் வாங்கினார். 2024இல் தன் 98ஆம் வயதில் இறந்த கோர்மன் மலிவுப் படங்களின் பேரரசர். அவர் ஆதரவில் அந்தச் சோவியத் படம் இரண்டு முறை அறுக்கப்பட்டது. 1965இல் கர்ட்டிஸ் ஹாரிங்டன், அமெரிக்க நடிகர்களை வைத்துச் சில காட்சிகள் எடுத்துச் செருகி, ஆங்கிலத்தில் பேசவிட்டு, 'வாயேஜ் டு த ப்ரீஹிஸ்டாரிக் பிளானெட்' ஆக்கினார். 1968இல் பீட்டர் பொக்டனோவிச் டெரக் தாமஸ் என்ற புனைபெயரில் அதே சோவியத் காட்சிகளோடு கடற்கரையில் திரிகிற பெண்களைச் சேர்த்து 'வாயேஜ் டு த பிளானெட் ஆஃப் ப்ரீஹிஸ்டாரிக் விமன்' என்று இன்னொன்று செய்தார். இதற்கு முன்பே, 1959ஆம் ஆண்டுச் சோவியத் படமான 'நேபோ சவ்யோத்' 1962இல் 'பேட்டில் பியாண்ட் த சன்' ஆகியிருந்தது. வெட்டி ஒட்டியவர் அப்போது சினிமா மாணவராக இருந்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலா. அமெரிக்க–சோவியத் போட்டியைப் பற்றிய கதை, அணு யுத்தத்துக்குப் பின் வடபாதி தென்பாதி என்று பிரிந்த உலகத்தின் கதையாயிற்று. இயக்குநர் பெயர் தாமஸ் கோல்சார்ட் என்று போடப்பட்டது. அலெக்சாந்தர் கோசிரும் மிகாயில் காரியுகோவும் காணாமல் போனார்கள்.

இதில் ஒரு வினோதமான அழகு இருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொக்டனோவிச் படத்தில் கோளில் இறங்கிய ஆண்கள் ஒரு பெண்குரல் பாடுவதைக் கேட்கிறார்கள். குரலுக்குரியவளைக் கடைசிவரை பார்ப்பதில்லை. பெண்களும் அந்த ஆண்களைச் சந்திப்பதே இல்லை. ஏன்? ஆண்கள் சோவியத் யூனியனில் படமெடுக்கப்பட்டவர்கள். பெண்கள் சில வருடங்கள் கழித்துக் கலிஃபோர்னியாவில் படமெடுக்கப்பட்டவர்கள். ஒரே சட்டகத்துக்குள் அவர்களால் வரவே முடியாது. பட்ஜெட் பற்றாக்குறை, சந்திக்கவே முடியாத இரண்டு உலகங்களின் ஏக்கமாக மாறிவிடுகிறது. பனிப்போர்க் காலத்தைப் பற்றிய உருவகம் போல இருக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை.

ஆனால் அழகைச் சொன்ன வாயால் கணக்கையும் சொல்லணும். கோர்மனுக்கு மலிவாக முடிந்தது, லெனின்கிராடில் யாரோ உழைத்து முடித்திருந்ததால். மலிவு என்பது செலவே இல்லாமல் போவது கிடையாது. செலவு வேறு யார் கணக்கிலோ எழுதப்படுகிறது. கோர்மன் 1990இல் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பே, ஹாலிவுட்டில் நூறு படம் எடுத்தும் ஒரு காசைக்கூட இழக்காதது எப்படி என்பதுதான். சங்கத்துக்கு வெளியே, குறைந்த கூலிக்கு, ராத்திரி முழுக்க மாதிரி உருக்களைச் செதுக்கிய இளைஞர்கள் இழந்த தூக்கம் அந்தக் கணக்கில் வராது. 1980இல் வந்த 'பேட்டில் பியாண்ட் த ஸ்டார்ஸ்' ஏறத்தாழ 20 லட்சம் டாலர் படம். அதில் கலை இயக்குநராக உயர்ந்த இளைஞர்தான் பிற்பாடு 'அவதார்' எடுத்த ஜேம்ஸ் கேமரூன். பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது என்று கோர்மனிடம் வேலை செய்தவர்கள் நன்றியோடு பேசுவதுண்டு. பள்ளிக்கூடம்தான், சந்தேகமில்லை, பிள்ளைகளின் வேலையை விற்றுக் காசு பார்த்த பள்ளிக்கூடம். அந்தப் படத்துக்காக எடுத்த விண்கலக் காட்சிகளும் இசையும் 1983இல் 'ஸ்பேஸ் ரெய்டர்ஸ்' என்ற படத்தில் திரும்ப உபயோகப்பட்டன.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு திருட்டு இருக்கிறது. 1982இல் துருக்கியில் செட்டின் இனாஞ்ச் எடுத்த 'உலகைக் காத்த மனிதன்' என்ற படத்தில் நாயகன் ஜுனெய்த் ஆர்க்கின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகள் திரையில் ஓடும். அந்தப் படத்தில் ஒரு காட்சி வெட்டப்பட்டு அடுத்தது வரும்போது, இவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, பின்னால் இருக்கிற பிரபஞ்சம் மட்டும் எகிறிக் குதிக்கும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இசையும் ஹாலிவுட் படங்களிலிருந்து எடுத்தது. கப்படோக்கியாவின் பாறைக் குகைகள் வேற்றுக்கிரகமாக நடித்தன. சட்டப்படி பார்த்தால் கோர்மன் வாங்கியவர், இனாஞ்ச் திருடியவர். ஆனால் கோர்மனின் வாணிபத்தில் மூலக் கலைஞனின் பெயர் அழிந்தது. இனாஞ்சின் திருட்டில் யாருடைய பெயரும் அழியவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' யாருடையது என்று உலகத்துக்கே தெரியும். அந்த 'ஸ்டார் வார்ஸ்'கூட அகிரா குரோசாவாவின் 'மறைந்த கோட்டை'யிலிருந்தும் 'ஃபிளாஷ் கார்டன்' தொடரிலிருந்தும் எடுத்துக்கொண்டதுதான். மேலிருந்து எடுப்பதும் கீழிருந்து எடுப்பதும் ஒன்றாகாது. சட்டத்தின் சொல்லாடலுக்குள் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

4

இப்போது குறை. நூல் தெரிவதும் பாறை ஆடுவதும் குறையில்லை என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன். உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பொக்டனோவிச் படத்தின் பெண்கள் வாய் திறந்து பேச மாட்டார்கள். மனதால் பேசிக்கொள்வார்கள். அவர்கள் எண்ணம் நமக்குப் பின்னணிக் குரலாகக் கேட்கும். உதட்டசைவோடு ஒலிப்பதிவு செய்கிற செலவு மிச்சம். ஆனால் விளைவு என்ன? மார்பில் சிப்பியைக் கட்டிக்கொண்டு, பேசாமல், பாறைமேல் படுத்துக்கிடக்கிற பெண்ணுடல்கள். இறக்கைப் பல்லி ஒன்றைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். ஆண்கள் அதைக் கொன்றுவிடவும், கடைசியில் விழுந்து கிடக்கிற எந்திர மனிதனைத் தூக்கி வைத்துக் கும்பிட ஆரம்பிக்கிறார்கள். ஆதிவாசி என்றால் கும்பிடுவான், பெண் என்றால் காட்சி தருவாள்: இரண்டு முன்முடிவுகளும் ஒரே உடம்பில், ஒரு பைசா செலவில்லாமல். யோசித்து எழுத நேரமில்லாதபோது கை தானாகப் போய் எடுக்கிற பொருள் இதுதான்.

மூலச் சோவியத் படம் இதில் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை. அதில் மாஷா என்ற பெண் விண்வெளி வீரர் சுற்றுப்பாதையிலேயே இருக்க, ஆண்கள் இறங்குகிறார்கள். கட்டளையா காதலா என்று தத்தளிப்பது அவள் வேலை. 1963இல் வாலந்தினா தெரஷ்கோவா நிஜமாகவே விண்வெளிக்குப் போனார். அதற்கு ஒரு வருடம் முந்திய கற்பனை அவரைவிடப் பின்தங்கியிருந்தது.

பெண்குரல் இந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். 'டார்க் ஸ்டார்' கப்பலில் ஒரு பெண்கூட இல்லை. கப்பலின் கணினி மட்டும் பெண்குரலில் பேசுகிறது, அதன் பெயர் அம்மா. 'பேட்டில் பியாண்ட் த ஸ்டார்ஸ்' படத்தில் நாயகனின் விண்கலம் நெல் என்ற பெண். கலத்தின் முகப்பே முலைகளின் வடிவத்தில் செய்யப்பட்டது. தமிழிலும் உதாரணம் உண்டு. 1963இல் அ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருகிறார்கள். அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. ஆகவே பாட்டுக் கற்றுக்கொடுக்கப் பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள், எம்.ஜி.ஆர். போய் மீட்கிறார். ஆயுதத்துக்கும் தங்கத்துக்கும் பதிலாகப் பாட்டைத் தேடி வருகிற வேற்றுக்கிரகவாசி என்பது அழகான கற்பனைதான். நம் சினிமாவிடம் தாராளமாக இருந்தது பாட்டு, அதைக் கொண்டு விண்வெளியைக் கட்டினார்கள். ஆனாலும் குரலுக்காகக் கடத்தப்படுகிறவள் பெண்; மீட்கிறவன் ஆண். அந்தப் பகுதிக்கு யாரும் மெனக்கெடவில்லை. தயாராக இருந்தது.

குரலோடு நின்றால் பரவாயில்லை என்று சொல்கிற அளவுக்கு மோசமான இடங்களும் உண்டு. 1981இல் கோர்மன் தயாரித்த 'கேலக்ஸி ஆஃப் டெரர்' படத்தின் அரங்க அமைப்பும் கேமரூன் கைவேலை. சொற்பக் காசில் ஒரு அச்சமூட்டும் கோளைக் கட்டியிருப்பார்கள். அதே படத்தில் தொழில்நுட்ப அதிகாரியான ஒரு பெண்ணை ராட்சதப் புழு ஒன்று வன்புணர்ச்சி செய்து கொல்கிற காட்சி இருக்கிறது. கதைக்கு அது தேவையில்லை, வியாபாரத்துக்குத் தேவை. இதற்கு முந்தின வருடம், அதே நிறுவனத்துக்காகப் பார்பரா பீட்டர்ஸ் என்ற பெண் இயக்குநர் எடுத்த கடல்ஜந்துப் படமான 'ஹ்யூமனாய்ட்ஸ் ஃப்ரம் த டீப்' படத்தில், அவருக்குத் தெரியாமல் வேறு ஆளை வைத்து வன்புணர்ச்சிக் காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன. தன் பெயரை நீக்கிவிடச் சொல்லிக் கேட்டார் அவர். புதியவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்புத் தந்தவர் என்று கோர்மனைப் புகழ்வார்கள். தந்தார். வாய்ப்பைத் தந்த கைதான் இதையும் செய்தது. நட்சத்திர நடிகர் இல்லை, பெரிய விளம்பரம் இல்லை, தந்திரக் காட்சி இல்லை என்கிறபோது கூட்டத்தை இழுக்க மலிவாகக் கிடைப்பது பெண்ணுடல்மீதான வன்முறை.

ஆக, காசில்லாமை கற்பனையைத் தூண்டுகிறது என்பது பாதி உண்மை. எங்கே முட்டுக்கட்டை இருக்கிறதோ அங்கே கற்பனை வேலை செய்கிறது. எங்கே முட்டுக்கட்டை இல்லையோ அங்கே வழக்கம் வேலை செய்கிறது. விண்கலம் கட்டப் பணமில்லை, ஆகவே யோசித்தார்கள். பெண்ணை எப்படிக் காட்டுவது, ஆதிவாசியை எப்படிக் காட்டுவது என்பதில் அவர்களுக்கு எந்தப் பற்றாக்குறையும் இல்லை. அதனால் அங்கே யோசிக்கவில்லை.

5

அந்த இடத்திலும் யோசித்த ஒரு மலிவுப் படம் உண்டு. 1972இல் எடுக்கப்பட்டு 1974இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இஸ் த பிளேஸ்'. இயக்கம் ஜான் கோனி. எழுதியதில் பங்குபெற்று, தானாகவே நடித்தவர் சன் ரா என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர். 1914இல் அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்தவர். தான் சனிக்கிரகத்திலிருந்து வந்தவன் என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

படத்தில் சன் ரா எகிப்திய அரசன் மாதிரி உடுத்திக்கொண்டு, இசையால் ஓடுகிற விண்கலத்தில் ஓக்லண்டில் வந்து இறங்குகிறார். கறுப்பின மக்களை வேறு ஒரு கோளுக்குக் கூட்டிப்போவது திட்டம். அதற்காக ஊருக்குள் ஒரு விண்வெளி வேலைவாய்ப்பு அலுவலகம் திறக்கிறார். இளைஞர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார். நீ என்ன நிஜமா என்று அவர்கள் நக்கலாகக் கேட்க, நான் நிஜமில்லைதான், நீங்களும் இந்தச் சமூகத்தில் நிஜமில்லை, நிஜமாக இருந்தால் உரிமை கேட்டுப் போராட வேண்டியிருக்காதே என்கிற பொருளில் பதில் சொல்கிறார். நாசா ஆட்கள் அவரைக் கடத்திக் கட்டிவைத்து, அடிமைமுறைத் தென்மாநிலங்களின் பெருமைப் பாட்டான 'டிக்ஸி'யைக் காதில் மாட்டி இடைவிடாமல் கேட்க வைக்கிறார்கள். சித்திரவதைக் கருவி ஒரு பாட்டு.

தந்திரக் காட்சிகள் படு சாதாரணம். உடைகள் மினுமினுக்கிற துணி. ஆனால் ஒரு விஷயத்தில் இது மற்ற படங்களிலிருந்து முற்றாக விலகி நிற்கிறது. மற்றவர்கள் விண்வெளியைக் காட்டக் காசில்லாமல் பூமியை விண்வெளி மாதிரி வேஷம் கட்டினார்கள். சன் ராவுக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. ஊர் பெயர் தெரியாமல் கப்பலில் ஏற்றப்பட்டு, அந்நியக் கரையில் இறக்கப்பட்டு, மனிதர்களாகவே எண்ணப்படாதவர்களின் சந்ததிக்கு ஓக்லண்டே ஒரு வேற்றுக்கிரகம். மினுக்குத் துணியைப் பார்த்து இங்கே சிரிக்க முடியாது. இல்லாத அரசுரிமையை இருக்கிற துணியால் உடுத்திக்கொள்வது அந்த மக்களின் நெடுநாள் கலை. ஆங்கிலப் படங்களில் பிறனாக, ஜந்துவாக, ஆதிவாசியாக நிறுத்தப்பட்டவர் இங்கே கலத்தை ஓட்டுகிறார்.

சரி, இந்தப் படமாவது முழுசாகத் தப்பித்ததா? இல்லை. விபச்சார விடுதியில் பெண்களை இழிவாகக் காட்டுகிற, அடிக்கிற காட்சிகள் இதிலும் இருந்தன. அந்தக் காலத்துக் கறுப்பின வணிகப் படங்களிலிருந்து ஓசியில் வந்தவை. சன் ராவுக்கே அவை பிடிக்கவில்லை. அவர் விருப்பப்படி அக்காட்சிகள் நீக்கப்பட்டு, படத்தின் குறுகிய பிரதி ஒன்று பல வருடங்கள் சுற்றில் இருந்தது. பிற்பாடு நீக்காத பிரதியும் வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். ஒடுக்கப்பட்டவரின் பிரதிக்குள்ளும் ஓசிச் சரக்கு நுழையும். நுழைந்தது தெரிந்தபின் அதை எடுத்து வெளியே போடவும் முடியும். எடுத்துப் போடுவதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. கத்தரிக்கோல் போதும், யார்மேல் கத்தரி வைக்கிறோம் என்கிற அறிவு வேண்டும்.

6

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நம்மிடம் ஒரு பெருமை உண்டு: விளம்பரம் வாங்கவில்லை, பெரும்பத்திரிகையில் எழுதவில்லை, கைக்காசு போட்டு நடத்துகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைக்காசு யார் கையிலிருந்து வந்தது, இதழ் ஒட்டுகிற ராத்திரி டீ போட்டுக் கொடுத்தது யார், கூலி வாங்காமல் பிழை திருத்தியவர் பெயர் எங்கே போட்டிருக்கிறது, மொழிபெயர்ப்பில் மூல ஆசிரியர் பெயர் எந்த எழுத்தளவில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் குலுஷான்ட்சேவ் நம் வீட்டுக்குள்ளும் கிடைப்பார். வீதி நாடகத்துக்குத் திரையும் விளக்கும் இல்லாததால் அற்புதமாக யோசிக்கிறோம். ஒரு துணியைக் கடலாக்குகிறோம், நாலு பேரின் உடம்பைச் சிறைச்சாலை ஆக்குகிறோம். அதே நாடகத்தில் குடிகாரன் வருகிறான். எந்த வட்டார வழக்கில் பேசுகிறான்? சிரிப்புக்காக ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? அங்கே யோசித்தோமா, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டோமா?

மலிவு விண்வெளிப் படங்களை நான் தொடர்ந்து பார்ப்பேன். கடற்கரைப் பந்துக்கு நகம் ஒட்டியவர்கள்மேல் எனக்கு இருக்கும் பிரியம் குறையப்போவதில்லை. அந்தப் பந்தை வைத்துச் சிரிக்க வைக்க முடியாத ஓ'பேனன், அதே யோசனையைப் பயமாகத் திருப்பிப்போட்டு எழுதியதிலிருந்துதான் 1979இல் 'ஏலியன்' பிறந்தது என்பதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். இல்லாமையிலிருந்து நிஜமாகவே புதுசு பிறக்கும். அதை மறுப்பவன் இல்லை நான்.

பந்து எங்கிருந்து வந்தது என்று தேடுகிற அதே ஆர்வத்தோடு, அந்தக் கப்பலில் பெண் ஏன் குரலாக மட்டும் இருக்கிறாள் என்றும் தேட வேண்டும். அட்டைப்பெட்டியில் தெரிகிற பசையைச் சுட்டிக் காட்டுகிற விரல், கதையில் தெரியாமல் இருக்கிற பசையையும் சுட்டணும். இந்த இதழை வாசிக்கிறவர்கள் அடுத்த இதழைத் தயாரிக்கிறவர்களாகவும் இருக்கிறீர்கள். உங்கள் பிரதியில் காசில்லாமல் வந்து உட்கார்ந்தவை எவை, அவற்றுக்கான செலவு யார் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டியல் நீளமாகத்தான் வருகிறது.